பாடத் தெரியாதவர்கள் செய்த இயர்போன்

திண்டுக்கல்லுக்கு வெளியே இருந்த ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் நான் ஃபிட்டராக வேலை பார்த்தேன். நூற்புக் கதிர்கள் சுழலும் கூடத்துக்குள் ஒருவர் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் பாதிச் சொல்தான் போய்ச் சேரும். ஆகையால் ஷிஃப்டுக்குள் நுழையும்போதே கழிவுப் பஞ்சில் சிறிது கிள்ளி எடுத்து, உருட்டி, இரு காதுகளிலும் அடைத்துக்கொள்வோம். அவ்வாறு இரைச்சலிலேயே பொழுதைக் கழித்த காதுகளுக்கு, வீடு திரும்பிய பின் நல்ல ஓசை கொஞ்சம் கொடுக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டாயிற்று. நாங்கள் குடியிருந்ததோ வரிசை வீடுகளில் ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்கலாம். அங்கே ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்பது மரியாதையாக இராது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கையடக்கமான கேசட் கருவி ஒன்றையும் ஸ்பாஞ்சு உறை போட்ட ஹெட்போன் ஒன்றையும் வாங்கினேன். என்னுடைய ஒலி ஆராய்ச்சி அதிலிருந்து தொடங்கியது எனலாம்.

ஆராய்ச்சி என்பது பெரிய சொல்தான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட நான், நூலகத்தில் கிடைத்த வானொலி நூல்களைத் தட்டுத் தடுமாறிப் படித்துப் பழுது பார்க்கும் வேலையைக் கற்றுக்கொண்டேன். விடுமுறை நாட்களில் தெரிந்தவர்களின் டேப்ரிக்கார்டர்களைப் பிரித்துப் பார்ப்பேன். அப்படி ஒரு கருவியைக் கொண்டுவந்து கொடுத்தவர்தான் கத்தோலிக்கப் பள்ளியொன்றில் இயற்பியல் கற்பித்த ஆசிரியர். கருவி சரியாயிற்று, அதன் பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை. எங்கள் கூட்டத்தில் மூன்றாமவர் பூ வியாபாரி. ரெட்டியார்சத்திரம் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தார். விடியற்காலை ஏலம் முடிந்து, கடையில் ஈ ஓட்டும் நேரத்தில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி அமர்ந்திருப்பார். பேருந்தில் அவர் காதில் கண்ட இயர்போன் எந்த ஊர்ச் சரக்கு என்று நான் விசாரித்ததில் எங்கள் நட்பு உண்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசிரியர் மாதா கோவிலில் பூசை கண்டு திரும்பிய பிறகு அவர் வீட்டு முன்னறையில் மூவரும் கூடுவோம். ஆளுக்கொரு நாற்காலியில், காதுகளில் வயரோடு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் அமர்ந்திருப்போம். காப்பி கொண்டுவந்த ஆசிரியரின் மனைவி ஒருநாள் எங்களைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கணவரிடம் கேட்டார்:

"யாரு செத்துப் போனாகன்னு சொல்லிட்டாச்சும் உக்காருங்க. காப்பிக்குச் சீனி போடலாமா வேணாமான்னு எனக்குத் தெரியணும்ல."

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகளில், காதுத் துளைக்குள்ளேயே செருகிக்கொள்ளும் இயர்போன்கள் எங்கள் கைக்கு எட்டின. பூ வியாபாரியின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வரும்போது சில ஜோடிகளைக் கொண்டுவந்தார். மதுரையில் மலிவாகச் சில கிடைத்தன. அவற்றின் முனையில் குடை போன்ற சிறிய ரப்பர் தொப்பி இருக்கும். அந்தத் தொப்பி காதின் சுவரோடு இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் கீழ்ஸ்தாயி ஓசை நிற்கும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் அது வெளியே ஒழுகிவிடும், பாட்டு தகர டப்பாவுக்குள் ஒலிப்பது போலாகிவிடும். இதை அறியாமல் நல்ல கருவிகள் இரண்டை மட்டமானவை என்று நாங்கள் ஒதுக்கியிருக்கிறோம். என் வலக் காதுக்கு நடுத்தர அளவும் இடக் காதுக்குச் சிறிய அளவும் பொருந்தும் என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்குப் பல வாரங்கள் ஆயின. இரண்டு காதும் ஒரே அளவு என்று நம்பித்தான் அதுவரை வாழ்ந்திருக்கிறேன்.

தேர்ந்தெடுக்கும் முறை ஒன்றும் மெல்ல மெல்ல உருவாயிற்று. புதிய ஜோடி ஒன்றைக் கேட்டதும் பூ வியாபாரி, இதற்கு ஈடே இல்லை என்று முடிவு சொல்லிவிடுவார். இரண்டு மூன்று முறை இவ்வாறு நடந்த பின், அவர் புகழ்ந்த ஜோடிகள் எல்லாம் மற்றவற்றைவிடச் சற்று உரக்க ஒலிப்பவை என்பதை ஆசிரியர் கவனித்தார். அன்று முதல் இரண்டின் சத்தத்தையும் சமமாக வைத்த பிறகே ஒப்பிடுவது என்று விதித்துக்கொண்டோம். விலையும் தோற்றமும் மனத்தை மயக்கக் கூடாது என்பதற்காகக் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டும் கேட்டோம். ஒவ்வொருவரும் தாம் நன்றாக அறிந்த ஓர் இசைப் பதிவையே எப்போதும் கொண்டுவருவோம். ஆசிரியருடையது வயலின், வியாபாரியுடையது தபலா துள்ளும் பழைய சினிமாப் பாட்டு. நான் நாதஸ்வரக் கச்சேரி ஒன்றை வைத்திருந்தேன். தவிலின் இரண்டு பக்கமும் தனித்தனியே கேட்கிறதா என்பதே எனக்கு அளவுகோல்.

வாங்கியதை அப்படியே விட்டுவைக்கும் வழக்கமும் எங்களுக்கு இல்லை. கூர்மையாகக் குத்தும் ஓசையை மழுக்க, பழைய ஹெட்போன் உறையிலிருந்து ஸ்பாஞ்சைக் கடுகளவு வெட்டி இயர்போனின் குழல் முனைக்குள் வைப்பேன். முதுகுப் பக்கத்தில் காற்றுப் போக ஒரு சிறு துளை இருக்கும். அதன்மேல் மருந்துக் கடையில் விற்கும் காகிதப் பிளாஸ்திரியை ஒட்டி, ஊசி முனையால் குத்தினால், குத்திய அளவுக்கேற்பக் கீழ்ஸ்தாயி கூடும் அல்லது குறையும். ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவே மூவரும் கேட்டு, விவாதித்து, சில சமயம் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதும் உண்டு.

இத்தகைய எங்களிடம்தான் பூ வியாபாரியின் தங்கை வந்து சேர்ந்தார்.

அவர் இன்னிசைக் குழு ஒன்றில் பாடிவந்தார். கோவில் திருவிழா, கல்யாண வரவேற்பு, மாதா கோவில் கொடியேற்றம் என்று சுற்றுவட்டாரம் முழுவதும் அந்தக் குழு போகும். கணவர் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் பாட்டு என்பது வருமானத்துக்கான வழி மட்டுமாக இருக்கவில்லை. அவர் வாயைத் திறந்து பாடினால் அந்தத் தெருவில் சைக்கிளை நிறுத்திக் கேட்பவர்கள் இருந்தார்கள். ஆனால் சில மாதங்களாக மேடையில் அவருடைய சுருதி சற்றே கீழே இறங்கியது. வீட்டில் பாடும்போது அந்தக் குறை இல்லை. குழு நடத்துபவர் இருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, மதுரையிலிருந்து வேறொரு பெண்ணை வரவழைத்துப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். வரப்போகும் திருவிழாக் காலத்துக்கு இருவரில் ஒருவர்தான் என்றும் சொல்லிவிட்டார்.

"சுருதி எறங்குதுன்னு எனக்கே தெரியலண்ணே. டிரம்ஸ் அடிக்கிற பக்கத்துல நிக்கிறேன், எங்குரல் எனக்கே கேக்கல. கேக்காதத எப்படி நான் சரி பண்ண?" என்று என்னிடம் கேட்டார்.

குழுவில் புதிதாக ஓர் எலெக்ட்ரானிக் டிரம் செட் சேர்ந்திருந்தது. பாடுபவர்களுக்கென்று மேடையில் வைத்த ஒரே ஸ்பீக்கரும் அந்த இரைச்சலில் அமுங்கிப் போயிற்று. பெரிய ஊர்ப் பாடகர்கள் இயர்போன் மாட்டிக்கொண்டு பாடுவதை ஆசிரியர் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார். எங்களுக்குத் தெரிந்த ஒரே வித்தையும் அதுதான். மேடை ஒலிகளைக் கலக்கும் மிக்சரிலிருந்து தனியே ஒரு வயரை இழுத்து, இடுப்பில் செருகிக்கொள்ளும் சிறிய ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்றை நான் செய்து தருவது, அதிலிருந்து இயர்போன் காதுக்குப் போவது என்று முடிவாயிற்று. மூவரில் யாருக்கும் இதில் ஐயம் தோன்றவில்லை. இத்தனை ஆண்டுகள் நாங்கள் கேட்டுக் கேட்டுத் தேர்ந்ததெல்லாம் இதற்காகத்தானோ என்றுகூட ஆசிரியர் சொன்னார்.

பாடகியின் காதுத் துளை மிகச் சிறியது. மேடையில் தலையை அசைத்ததும் எந்த ரப்பர் தொப்பியும் நழுவியது. ஆகவே காது கேட்கும் கருவி விற்கும் கடைக்கு அழைத்துப் போனோம். அங்கே காதுக்குள் பசை போன்ற ஒன்றைச் செலுத்தி, இறுகியதும் எடுத்து, அதைப் பார்த்து அச்சுச் செய்து தருவார்கள். பசை இறுகும்வரை அவர் சிரிக்கக் கூடாது என்றார் கடைக்காரர். பூ வியாபாரியோ தங்கையின் எதிரே அமர்ந்துகொண்டு, காதுக்குள் குளவி கூடு கட்டியது போல் இருக்கிறதென்று சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டார். இரண்டாம் முறை எடுத்தது சரியாக வந்தது. அதை வைத்துக் கடைக்காரர் செய்து தந்த கண்ணாடி போன்ற அச்சுக்குள் நாங்கள் தேர்ந்தெடுத்த இயர்போனின் குழலைப் பொருத்தினேன். அது காதோடு காதாக, காற்றுப் புகாமல் உட்கார்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைகள் அதைச் செப்பம் செய்வதில் கழிந்தன. அவருக்காக எனச் சொல்லிக்கொண்டாலும் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததைத்தான் அதில் ஏற்றினோம். தபலாவின் இடக்கைப் பக்கம் நெஞ்சில் இடிக்க வேண்டும் என்றார் வியாபாரி. அதற்காகப் பின்துளைப் பிளாஸ்திரியில் ஒரு குத்துக் குத்தினேன். வயலின் உறுத்தக் கூடாது என்றார் ஆசிரியர். அதற்காக ஸ்பாஞ்சு வைத்தேன். என் தவிலுக்கும் ஒரு குத்துக் குத்தினேன். முடிவில் அவரை நாற்காலியில் அமர்த்தி, அவரே பாடிய பாட்டின் பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்கச் செய்தோம். கண்ணை மூடிக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றார். எங்கள் மூவர் முகத்தையும் அப்போது பார்த்திருந்தால், பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லிவிட்டார்கள் என்று எவரும் நினைத்திருப்பார்கள்.

சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு கோவில் திருவிழாவில் முதன்முதலாக அதை அணிந்து மேடையேறினார். நான் மிக்சரின் அருகே நின்றேன். முதல் பாட்டின் பல்லவியிலேயே குரல் வழக்கத்தைவிட மெலிந்து வந்தது. சரணத்தில் சுருதி கீழே போயிற்று. முன்பைவிட அதிகமாகவே போயிற்று. காதில் சத்தம் போதவில்லை போலும் என்று எண்ணி நான் பெட்டியின் ஒலியைக் கூட்டுமாறு சைகை செய்தேன். அவர் கூட்டினார். இன்னும் கீழே போனது. இரண்டாவது பாட்டின் நடுவே இரண்டு காதிலிருந்தும் அவற்றைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பழையபடி எதுவும் கேட்காமலேயே பாடி முடித்தார். முன்வரிசையில் இருந்த பையன்கள் விசில் அடித்தார்கள். அது பாராட்டு விசில் அல்ல.

நிகழ்ச்சி முடிந்து வேனில் திரும்பினோம். என்ன ஆயிற்று என்று நான்தான் கேட்டேன்.

"கெணத்துக்குள்ள தலைய விட்டுப் பாடுற மாதிரி இருந்துச்சுண்ணே. வாயத் தொறந்தா எங்குரல் மண்டைக்குள்ள கும்முங்குது. பயந்துக்கிட்டு மெதுவாப் பாடுறேன். மெதுவாப் பாடுனா சுருதி நிக்க மாட்டேங்குது."

முன் இருக்கையில் இருந்த குழு நடத்துபவர் திரும்பாமலேயே சொன்னார்: "ஏம்மா, தாடிக்கொம்புல வர்ற ஞாயித்துக்கெழம ஒரு ரிசப்சன் ஒத்துக்கிட்டிருக்கேன். அதுல நீ பாடு. அதுக்குமேல என்னயக் கேக்காத." பிறகு எங்களுக்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தார். "காதுல ஆணி அடிக்கிற வேலையெல்லாம் இனிமே வேணாம்."

பூ வியாபாரி தங்கையிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் சன்னலோரம் திரும்பிக்கொண்டார்.

அச்சில் குறையா, வயரில் குறையா, நான் செய்த பெட்டியில் குறையா என்று அந்த இரவும் மறுநாள் காலையும் எண்ணிக்கொண்டிருந்தேன். அதே எண்ணத்தோடு ஷிஃப்டுக்குப் போய், வழக்கம்போல் பஞ்சை உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டேன். கூடத்துக் கதவைத் திறப்பதற்கு முன், கூட வேலை பார்த்தவரைக் கூப்பிட்டு ஸ்பானரை எடுத்து வரச் சொன்னேன். சொன்ன என் குரல் பானைக்குள் பேசியது போல் என் தலைக்குள் முழங்கியது. அப்படியே நின்றுவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து அந்தக் குரலை நான் கேட்டு வருகிறேன். பஞ்சு வைத்தவன் தன் குரலுக்கே கூசித் தணிந்து பேசுவான் என்பது ஆலையில் எல்லோரும் அறிந்த செய்தி. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் "வாயத் தொறந்து பேசு" என்று நாங்களே சொல்வோம். அவ்வளவு தெரிந்திருந்தும், காற்றுப் புகாமல் காதை அடைப்பதே நல்ல ஓசைக்கு முதற்படி என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாதாடியிருக்கிறேன். ஏனென்றால் அந்த முன்னறையில் மூவரும் எப்போதும் வாயை மூடிக்கொண்டுதான் கேட்டோம். காதில் இயர்போனோடு ஒருவராவது ஒரு வரி பாடிப் பார்த்ததில்லை.

வரவேற்பு ஞாயிறு மாலை. அதுவரை காத்திருக்க இயலாதென்று வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஆசிரியர் வீட்டில் எல்லோரையும் கூட்டினேன். அவரவர் இயர்போனை மாட்டிக்கொண்டு பாடுங்கள் என்றேன். ஆசிரியர் தயங்கித் தயங்கி ஒரு ஞானப்பாட்டைத் தொடங்கி, முதல் அடியிலேயே நிறுத்தி, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திப் பார்த்துக்கொண்டார். பூ வியாபாரிக்குப் பாட்டு வராது. அவருக்குத் தெரிந்த ஒரே ராகம் ஏலக்குரல். அதை எடுத்துவிட்டார். அடுக்களையிலிருந்து ஆசிரியரின் மனைவி எட்டிப் பார்த்தார்.

"என்ன, பொணம் எந்திரிச்சிருச்சா?"

பாடகி சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு வேலை விரைவாக நடந்தது. அச்சின் பக்கவாட்டில் மெல்லிய டிரில்லால் ஒரு துளையிட்டேன். காதுக்குள் அடைபட்ட முழக்கம் வெளியேற வழி வேண்டும். துளையிட்டதும் நாங்கள் வாரக்கணக்கில் ஏற்றிய கீழ்ஸ்தாயி முழுவதும் அதன் வழியே போய்விட்டது. வியாபாரி அதைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இம்முறை நாற்காலியில் அமர்ந்து தீர்ப்புச் சொல்ல எங்களில் ஒருவரையும் விடவில்லை. பெட்டியோடு இணைத்த மைக் ஒன்றைப் பாடகியிடம் கொடுத்தேன். ஆசிரியர் பள்ளியிலிருந்து கொண்டுவந்த இசைக்கவையை மேசையில் தட்டிச் சுருதி கொடுத்தார். பக்கத்தில் டேப்ரிக்கார்டரில் மேளச் சத்தத்தை உரக்க வைத்தோம். பாடகி நின்றுகொண்டு, மேடையில் பாடுவது போலவே முழுக் குரலில் பாடினார். பாடும்போதே கையால் சைகை செய்வார், நான் மாற்றுவேன். ஸ்பாஞ்சை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். துளையைப் பெரிதாக்கச் சொன்னார். ஆக்கினேன். மேடையில் காதுக்கு டிரம்ஸ் வேண்டாம், கீபோர்டு ஓசையும் தன் குரலும் போதும் என்றார். ஆசிரியர் ஒருமுறை, வயலின் இப்படி ஒலித்தால் உறுத்துமே என்று சொல்லத் தொடங்கினார்.

"நா வயலின் கேக்கப் போகல சார். நா நிக்கிற எடம் எனக்குத் தெரிஞ்சாப் போதும்," என்றார் அவர்.

அதன் பிறகு ஆசிரியர் இசைக்கவையைத் தட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்.

பாடகி போதும் என்று சொன்ன நிலையில் அந்த இயர்போனை நானும் கேட்டுப் பார்த்தேன். ஒல்லியான, கூர்மையான, மூக்கடைத்த ஓசை. தேநீர்க் கடையின் சிறு ரேடியோ அதைவிட நன்றாக இருக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டிருந்தால் மூவரும் ஒருமனதாகக் குப்பையில் போடச் சொல்லியிருப்போம்.

தாடிக்கொம்பில் மண்டபம் சிறியது, இரைச்சல் மிகுதி. அச்சும் இயர்போனும் மறுபடி காதில் ஏறுவதைக் கண்ட குழு நடத்துபவர் கையை உதறிக்கொண்டு கீபோர்டுப் பக்கம் போய்விட்டார். பாடகி முதல் பாட்டைத் தொடங்கினார். பல்லவி முடிந்தது, குரல் இறங்கவில்லை. மேல்ஸ்தாயிக்கு ஏறும் இடம் வந்தது. குரல் நேராகப் போய் அங்கே நின்றது. பந்தியிலிருந்து கை கழுவ வந்தவர்கள் ஈரக் கையோடு மேடையோரம் நின்றார்கள். என்னிடமிருந்த வேறொரு ஜோடியை மிக்சரில் செருகி, அவர் காதுக்குப் போவதை ஒரு நிமிடம் கேட்டேன். டிரம்ஸ் இல்லாமல் கீபோர்டும் குரலும் மட்டும், கேட்கப் பாட்டாகவே இல்லை. கழற்றிவிட்டு மண்டபத்தில் வந்த குரலைக் கேட்டேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் குழு நடத்துபவர் பாராட்டு ஒன்றும் சொல்லவில்லை. வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் பாடகியின் பக்கம் திரும்பி, "ஏம்மா, வர்ற வெள்ளிக்கெழம நத்தத்துக்குப் போறோம். வேன் நாலு மணிக்கு. லேட்டா வந்தா விட்டுட்டுப் போயிருவேன்," என்றார். மதுரைப் பெண்ணைப் பற்றிய பேச்சு அதன் பிறகு எழவில்லை.

வேனில் அவர் அச்சுகளைப் புடவைத் தலைப்பால் துடைத்து ஒரு சிறு டப்பாவுக்குள் வைத்தார். பூ வியாபாரி அவற்றில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, துளையைப் பார்த்துக்கொண்டே, சிங்கப்பூரிலிருந்து வந்த நல்ல ஜோடி இது என்று வருத்தத்தோடு சொன்னார்.

"இன்னும் செத்த பெருசாக்கணும்ணே," என்றார் பாடகி என்னிடம். "எடப்பக்கம் இன்னும் லேசாக் கும்முங்குது."

பூ வியாபாரி அதை என்னிடம் நீட்டினார். மறுநாள் ஷிஃப்டு முடிந்ததும் இடப் பக்கத்துத் துளையைப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.